பந்திப் புராணிகர்

கல்யாணப் பந்தியில் உங்களுக்கு வலது பக்கம் மனைவியோ மைத்துனரோ உட்கார்ந்துவிடுவார்கள். இடது பக்கத்து நாற்காலிதான் தலைவிதியைப் பொறுத்தது. அதில் வந்து உட்காருகிறவர், இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே, "மாப்ளே, இந்த சாம்பார் நம்ம ஊர்ப் பண்டமே இல்ல, தெரியுமா?" என்று ஆரம்பித்தால் தீர்ந்தது. நீங்கள் பந்திப் புராணிகரிடம் மாட்டிக்கொண்டீர்கள்.

குடும்பத்துக்கு ஒருவர் கட்டாயம் இருக்கிறார். மாமாவாகவோ பெரியப்பாவாகவோ ஒன்றுவிட்ட சித்தப்பாவாகவோ இருப்பார். பாங்கிலோ தபாலாபீஸிலோ வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவார். இவரை மருத்துவப் புராணிகரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் வேறு ரகம்; வெந்தயம் சர்க்கரைக்கு, சுண்டைக்காய் பூச்சிக்கு என்று வாழையிலையை மருந்துச் சீட்டாக்குகிறவர். நம்மவருக்கு உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. எந்தப் பண்டமானாலும் அது எங்கிருந்து வந்தது, முதலில் யார் தின்றார், தின்று யார் செத்தார் என்ற மூன்று கேள்விக்கு மட்டும்தான் அவரிடம் பதில் உண்டு.

கை ஒரு பக்கம் பிசைந்துகொண்டே இருக்கும். வாய் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கும். கேட்கிற நாம்தான் திணறுவோம். அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினால் சோற்றில் குழம்பு ஆறிப்போகிறது. இலையைப் பார்த்தால், "கேக்கிறியா?" என்று முழங்கையால் ஒரு இடி. நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வேறு நம் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார். நாம் எப்போது எழுந்திருப்போம் என்பது அவருக்கும் கவலை, நமக்கும் கவலை.

சாம்பார் கதைதான் அவருடைய ஆஸ்தான கீர்த்தனை. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலம். ஷாஹஜி ராஜா. சத்ரபதி சிவாஜியின் மகன் சம்பாஜி, முறைக்கு இவருக்குச் சொந்தக்காரர், விருந்துக்கு வருகிறார். பருப்புக் குழம்பில் புளிப்புக்குப் போட மராட்டிய தேசத்திலிருந்து வரவேண்டிய கோகம் தீர்ந்துபோயிற்று. சமையற்கட்டில் கையைப் பிசைகிறார்கள். அப்போது யாரோ ஒருவர், உள்ளூர்க்காரர்கள்தான் புளியைக் கரைத்து ஊற்றுகிறார்களே, நாமும் ஊற்றினால் என்ன என்கிறார். துவரம்பருப்பும் புளியும் சேர்ந்து கொதித்தன. சம்பாஜிக்குப் பிடித்துப்போக, அவர் பெயராலேயே சாம்பார் ஆயிற்று.

போன தலைமுறைக் கல்யாணங்களில் சம்பாஜி ஒரு தடவைதான் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். போன வைகாசியில் நடந்த கல்யாணத்தில் பாத்திரத்தையே இலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். யோசித்துப் பார்த்தால் கதை கொஞ்சம் இடிக்கும். ஷாஹஜி பட்டத்துக்கு வந்தது 1684இல். சம்பாஜியை அவுரங்கசீப் பிடித்துக் கொன்றது 1689இல். நடுவில் இருக்கிற ஐந்து வருஷமும் மொகலாயப் படையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனுஷன், எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குச் சாப்பிட வந்தாரா என்று பந்தியில் ஒருவர் கேட்க வேண்டுமே? மாட்டார்கள். "அப்படியா! இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்பார்கள். எதிர்வரிசையில் ஒரு அம்மாள் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றச் சொல்லுவாள்.

இதுதான் எனக்கு ஆச்சரியம். புராணிகர் சொல்வதில் பாதி சத்தியம், பாதி கட்டுக்கதை. ஆனால் ஜனங்கள் கட்டுக்கதையைப் பாயசமாகக் குடித்துவிட்டு, சத்தியத்தைக் கறிவேப்பிலையோடு சேர்த்து இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள்.

மிளகாய் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் அந்தப் பக்கம் போன பிறகு, போர்ச்சுக்கீசியர் கப்பலில் இங்கே வந்து சேர்ந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அப்படித்தான். ஆக, கம்பர் தக்காளி ரசம் சாப்பிட்டதில்லை. ராஜராஜ சோழன் உருளைக்கிழங்கு வறுவலைக் கண்ணால் பார்த்ததில்லை. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதைச் சொன்னதும் பந்தியில் ஒரு முணுமுணுப்பு எழும். "நம்ம தாத்தா காலத்துல மிளகா இல்லாமயா இருந்துது? சும்மா சொல்லாதீங்க!" தாத்தா காலம் வேறு, சோழர் காலம் வேறு என்று அவர் விளக்குவதற்குள் பொரியல்காரர் தாண்டிப் போயிருப்பார்.

சரி, காரத்துக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று யாராவது வாயைக் கொடுத்தால் மிளகு வரும். மிளகு வந்தால் ரோமாபுரியும் வரும். கி.பி. 408இல் அலாரிக் என்ற தலைவன் ரோம் நகரத்தை வளைத்துக்கொண்டான். முற்றுகையை விலக்க அவன் கேட்ட கப்பத்தில் தங்கம் 5,000 பவுண்டு, வெள்ளி 30,000 பவுண்டு, அதோடு மிளகு 3,000 பவுண்டு. "நம்ம பக்கத்து மலைச் சரக்கு, மாப்ளே! அதை வச்சு ஒரு ராஜ்யத்தையே மீட்டிருக்கான். நீ என்னடான்னா பொங்கல்ல இருக்கறதைப் பொறுக்கி வெளியில வைக்கற." காலை டிபனில் இந்தப் பேச்சைக் கேட்ட ஒரு பையன், ஒதுக்கிய மிளகை எல்லாம் பயந்துபோய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ரசத்துக்கு ஒரு கோர்ட்டுக் கேஸ் வைத்திருக்கிறார். தக்காளி பழமா, காய்கறியா? இறக்குமதிக் காய்கறிக்கு வரி, பழத்துக்கு வரி இல்லை என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் இருந்தது. தக்காளி வியாபாரி ஒருவர் வழக்குப் போட்டார். 1893இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: தாவர சாஸ்திரப்படி பழமாக இருக்கலாம், ஆனால் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்த பிறகு தின்பதில்லை, ஆகவே காய்கறிதான், கட்டு வரியை. பக்கத்தில் இருந்த ஒரு கோர்ட்டு குமாஸ்தா இதை வெகு கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்பீல் போகலையா?" என்றார்.

ஆனால் அவருடைய பெரிய துக்கம் ஆகாய விமானம்தான்.

பிரான்ஸ் தேசத்தில் கிரெனோபிள் ஊர்க்காரர் மிஷேல் லொத்தித்தோ. இரும்பு, கண்ணாடி, ரப்பர் எதுவும் விலக்கில்லை. வெட்டித் துண்டாக்கி, எண்ணெயும் தண்ணீருமாகக் குடித்து விழுங்குவார். சைக்கிள், டெலிவிஷன் பெட்டி, கடைகளில் சாமான் தள்ளிப் போகிற வண்டி, சரவிளக்கு என்று ஒரு வீட்டுச் சாமானே உள்ளே போயிருக்கிறது. 1978இல் செஸ்னா 150 என்கிற சின்ன விமானம் ஒன்றைத் தின்ன ஆரம்பித்தார். தின்று முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறார். அவர்கள் கௌரவித்துக் கொடுத்த பித்தளைத் தகட்டையும் தின்றுவிட்டார் என்று சொல்வார்கள். இத்தனைக்கும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது! கடைசியில் இயற்கையாகத்தான் இறந்துபோனார்.

ஒரு திருச்சிக் கல்யாணத்தில் புராணிகர் இதைச் சொன்னபோது அந்த வரிசையே சிரித்தது. "சித்தப்பா, எறக்கை எந்தப் பக்கம் ருசின்னு கேட்டீங்களா?" என்றான் ஒருவன். "சட்னி தொட்டுக்கிட்டாரா?" என்றது இன்னொரு குரல். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கடைசியில் இஞ்சினியரிங் படிக்கிற தம்பி பேரன் இடது கையால் போனை எடுத்துத் தேடிப் பார்த்து, "தாத்தா சொல்றது நிஜம்தான்" என்று படமும் காட்டினான். அப்போதாவது ஒப்புக்கொண்டார்களா? "நெட்ல ஆயிரம் போடுவான். நீ சாப்பிடற வேலையைப் பாரு" என்று அவனுக்குத்தான் அதட்டல் விழுந்தது. பையன் சும்மா இருக்கவில்லை. போன் கையில் இருக்கிறதே என்று சாம்பார் கதையையும் தேடி, "இதுக்குச் சரியான ஆதாரம் இல்லைன்னு போட்டிருக்கு" என்று வாசித்துவிட்டான். வந்ததே கோபம் எல்லோருக்கும்! "தஞ்சாவூர்க்காரங்களுக்கே சாம்பார் சொல்லித் தரயா?" என்று அவன் அத்தை எதிர்வரிசையிலிருந்து எழுந்தே விட்டாள்.

திருவிளையாடல் புராணத்துக் குண்டோதரனை இதே ஜனங்கள் நம்புகிறார்கள். மீனாட்சி கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றையெல்லாம் மலை மலையாகத் தின்று, பசி அடங்காமல் நின்றவன். அது தெய்வத்தின் விளையாட்டு, விட்டுவிடலாம். ஒரு வெள்ளைக்காரன், ரெண்டு பேர் உட்கார்ந்து போகிற குட்டி விமானத்தை, அதுவும் ரெண்டு வருஷம் எடுத்துக்கொண்டு பொறுமையாகத் தின்றதை மட்டும் ஏன் நம்ப முடியவில்லை?

அதற்கு அடுத்த கல்யாணத்தில் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதே லொத்தித்தோ கதை. ஆனால் விமானம் வரவில்லை. "ஒருத்தன் ஒரு முழு சைக்கிளையே தின்னுருக்கான், மாப்ளே" என்றார். "அடேயப்பா!" என்று எல்லோரும் வாய் பிளந்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. "செயினையுமா?" என்று மரியாதையாக ஒரு கேள்வி வந்தது, அவ்வளவுதான். சத்தியத்தை அப்படியே பரிமாறினால் செரிக்காது, தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருஷம் ஆபீஸில் ரிப்போர்ட் எழுதினவர். இது புரியாமலா போகும்?

அதிரசம் போட்டால் மட்டும் அவர் மனைவி உஷாராகிவிடுவார். காரணம், பாஸ்டன். 1919 ஜனவரி 15ஆம் தேதி அந்த ஊரில் சர்க்கரைப் பாகு தேக்கி வைத்த ராட்சசத் தொட்டி ஒன்று வெடித்துத் தெருவெல்லாம் பாகு வெள்ளம். ஓட முடியாமல் சிக்கி 21 பேர் செத்துப்போனார்கள். உண்மைச் சம்பவம். அதிரசத்தைப் பிட்டுக் காட்டிக்கொண்டே இந்தச் சாவைக் கல்யாணப் பந்தியில் சொல்லலாமா? "ஏங்க, தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகல" என்று அவர் மனைவி பல்லைக் கடிப்பார். "ஊர் அமெரிக்காதானே, நம்மள ஒண்ணும் பண்ணாது" என்பது இவர் பதில்.

சேமியா பாயசத்துக்கு இரண்டு கதை இருக்கிறது; எது வரும் என்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. நல்ல மனநிலை என்றால் ஸ்பாகெட்டி மரம். 1957 ஏப்ரல் முதல் தேதி, பி.பி.சி. டெலிவிஷனில், சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பாகெட்டியை இழை இழையாகப் பறித்துக் கூடையில் போடுவதைக் காட்டினார்கள். வேடிக்கைக்காகச் செய்தது. அந்த மரத்தை நாமும் வளர்க்க முடியுமா என்று ஜனங்கள் போன் போட்டுக் கேட்டார்கள். ஒரு இழையை எடுத்துத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டு வையுங்கள், பகவான் விட்ட வழி என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்புத் தாங்காது. புரையேறும், நாம் தலையில் தட்ட வேண்டியிருக்கும்.

மனநிலை சரியில்லை என்றால் சார்டீனியா. இத்தாலியைச் சேர்ந்த அந்தத் தீவில் செம்மறியாட்டுப் பாலில் ஒரு பாலாடைக்கட்டி செய்கிறார்கள். வேண்டுமென்றே ஈயை முட்டையிட விட்டு, புழு நெளிய நெளியச் சாப்பிடுவது. புழு உயிரோடு இருக்க வேண்டும். செத்திருந்தால் கட்டி கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். அரை அடி உயரம் எம்பிக் குதிக்கும். கண்ணில் படாமல் இருக்கக் கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு தின்பார்களாம். விற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இத்தனையும் உண்மைதான். ஆனால் சொல்கிற நேரம்? சரியாகப் பாயசக் கிண்ணத்தை உங்கள் இலையில் வைத்த நேரம். பாலில் வெள்ளை வெள்ளையாகச் சேமியா மிதக்கிறது. நீங்கள் ஒரு தடவை கிண்ணத்தைப் பார்க்கிறீர்கள். ஒரு தடவை அவரைப் பார்க்கிறீர்கள்.

"என்ன மாப்ளே, பாயசம் சாப்பிடறதில்லையா? சர்க்கரையா?" என்று கரிசனமாகக் கேட்டுவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வார். இதற்காகத்தான் அந்தக் கதையையே வைத்திருக்கிறார் என்று குடும்பத்தில் ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. கதைக்கு ஏற்ற பண்டம் கண்ணில் பட்டுவிட்டால் அவரால் அடக்க முடியாது, அவ்வளவுதான். கிண்ணத்தை நகர்த்துவது வீணாகக் கூடாதே என்று.

மோர் சாதம் முடிந்து, இலையை மடித்து, பின்னால் நின்றவர் நம் நாற்காலியில் ஏறக்குறைய உட்கார்ந்த பிறகும் கை கழுவும் இடம் வரைக்கும் புராணம் தொடரும். அங்கே தண்ணீர்ச் சத்தத்தில் பாதி காதில் விழாது. பீடா தட்டில் வெற்றிலைக்கு ஒன்று, கல்கண்டுக்கு ஒன்று.

ஒருமுறை கல்யாணம் முடிந்து திரும்பும்போது ஒரே ஆட்டோவில் போனோம். அவர் மனைவி தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டு அலுப்போடு சொன்னார்: "எல்லாம் சரி, அவியல்லதான் உப்பு தூக்கல். வாயில வைக்க முடியல. நீங்க எப்படித்தான் ரெண்டு தடவை வாங்கினீங்களோ."

"அவியல் போட்டாங்களா?" என்றார் புராணிகர்.

அந்த அம்மாள் பதில் சொல்லாமல் வெளியே பார்த்தார். இவருக்கு அது போதும். "அவியல் யார் கண்டுபிடிச்சது தெரியுமா? விராட ராஜன் சமையற்கட்டுல பீமன் மாறுவேஷத்துல இருந்தானே, அப்ப ஒருநாள் திடீர்னு விருந்தாளி வந்துட்டாங்க. ஒரு காயும் முழுசா இல்ல..."

டிரைவர் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "மெய்யாவா சார்?"