ஈ ஓட்டும் நேரத்தில் ஈ கட்ட: இரண்டாவது வைஸ் வாங்குவோருக்குச் சில யோசனைகள்

வீட்டில் ஒரு வைஸ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் இதற்குமேல் படிக்க வேண்டாம். வைஸ் இருப்பது வீட்டில், ஓய்வு இருப்பது ஆபீஸில். நீலகிரியின் பைக்காராவில் ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் கூடலூர் ரோட்டில் மரம் விழும், தபால் வராது, மனு கொடுக்கவும் ஆள் வராது. 1932 முதல் ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுத்துவரும் ஆற்றின் கரையிலேயே கரண்டும் போகும். ஆனாலும் ஐந்தே முக்கால் வரை நாற்காலியில் இருந்தாக வேண்டும். ஈ ஓட்டலாம் என்றால் அந்தக் குளிருக்கு ஈ கூட வராது. நாமே ஒன்றைக் கட்டிக்கொள்வதுதான் வழி.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண்டில் கொக்கிமேல் இறகும் நூலும் சுற்றி, ட்ரவுட் மீன் பூச்சியென்று நம்பும்படி செய்வதுதான் ஈ கட்டுவது. கொக்கியை அசையாமல் கவ்விப் பிடிக்க ஒரு சின்னக் கருவி வேண்டும். ஃபிட்டர் பட்டறையில் இரும்பைக் கவ்வுகிற வைஸின் பேத்தி அது.

இதெல்லாம் ஆபீஸ் நேரத்தில் செய்கிற வேலையா என்று மேலதிகாரி கேட்டால் பிரான்சிஸ் டேயைச் சொல்லுங்கள். மதராஸ் ராணுவத்தில் டாக்டர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீன்களைப் பார்த்தவர். 1863-ல் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. அதற்காக அவருக்கு யாரும் மெமோ கொடுத்ததாகத் தெரியவில்லை. பின்னாளில் இந்திய மீன்வளத்துக்கே இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். ட்ரவுட்டை இங்கே நிலைக்க வைத்தவர் எச். சி. வில்சன். 1907-ல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் வந்தது. ஆனால் அவருக்கு அதுதான் வேலை, ஆகவே நமக்கு உதவமாட்டார்.

இனி வைஸுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகம். மேசை விளிம்பில் திருகி மாட்டும் கிளாம்ப் வகை வீட்டுக்குச் சரி. ஆபீஸில் பழைய தேக்கு மேசையென்றால் பலகையின் கனத்துக்கு அதன் வாய் போதாது. இரும்பு மேசையென்றால் தகட்டில் தடம் விழும். தடம் என்பது சாட்சி. அதைவிட, கதவு திறக்கும் சத்தத்துக்கும் உள்ளே வருகிற ஆளுக்கும் இடையில் கிளாம்பைக் கழற்றியவர் இதுவரை யாருமில்லை. கனத்த இரும்புப் பீடம் வைத்ததை வாங்குங்கள். அப்படியே தூக்கி இழுப்பறையில் வைக்கலாம். முன்னதாக இழுப்பறையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான வைஸ்கள் படுக்காது; தண்டைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது தாடை. காசு கொடுப்பதே இதற்குத்தான், இதில் சிக்கனம் கூடாது. கொக்கியின் வளைவைக் கவ்வச் செய்து, கொக்கித் தண்டின் நுனியை விரலால் சுண்டிப் பாருங்கள். டிங் என்று ஒலித்தால் நல்ல எஃகு. கொக்கி சத்தமில்லாமல் கீழே சாய்ந்தால் வைஸைத் திருப்பிக் கொடுங்கள். கொக்கி எண் கூடக்கூட அளவு சிறுக்கும். பத்தைப் பிடிக்கிற தாடை பதினான்கையும் பிடிக்கிறதா என்று இரண்டையும் வைத்துச் சோதியுங்கள்.

ரோட்டரி வகை வேண்டாம். கொக்கியை அதன் அச்சிலேயே சுழற்றி இறகை ஒரே சீராகச் சுற்றலாம், உண்மை. ஆனால் சுழல்கிற எதையும் பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் விடமாட்டார். அவரைத் தொடர்ந்து டெஸ்பாட்ச் கிளார்க் வருவார், கடைசியாகச் சூப்பிரண்டு.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரெகல், ரென்செட்டி போன்ற அமெரிக்கச் சரக்கு இங்கே வந்து சேரும்போது சம்பள நாளையே மறக்கடிக்கும். தாம்சன் ‘மாடல் ஏ’யைப் பார்த்து நம் நாட்டிலேயே செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிற மலிவு வைஸ்கள் உண்டு. கற்றுக்குட்டிகள் அவற்றைத் திட்டிக்கொண்டேதான் தொழில் கற்கிறார்கள். தாடை மட்டும் தேறினால் அதையே வாங்குங்கள். பளபளக்காதது கூடுதல் தகுதி. “என்ன சார் இது?” என்று கேட்பவர்களிடம் “பழைய ஸ்டாக்” என்று சொன்னால் போதும், அரசு ஆபீஸில் அதற்குமேல் விசாரணை கிடையாது.

மற்ற சாமான்களுக்கு அலைய வேண்டாம். இறகைப் பிடிக்கக் காகிதக் கிளிப், நூலை ஒதுக்கக் குண்டூசி. சமவெளி ஆபீஸ்களில் தலைக்குமேல் ஃபேன் சுற்றும். கோழி இறகு ஒன்றைப் பிரித்தால் வருகைப் பதிவேடு வரை பறக்கும். பைக்காராவில் ஃபேனே வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சமவெளிக்கு மாறுதல் வந்தால் தட்டிக்கழிக்கலாம். என்ன, நுனி முடிச்சில் தடவும் வார்னிஷ் மழைக்காலத்தில் லேசில் காயாது. காயும்வரை ஏதாவது ஃபைல் பாருங்கள்.

இறகு விஷயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. ஜன்னலுக்கு வெளியே கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகுச் சொட்டு விட்டதுபோல் புள்ளிகள் இருக்கும். சால்மன் மீனுக்கு ஈ கட்டிய வெள்ளைக்காரர்களுக்கு அதன்மேல் அவ்வளவு மோகம். 1902-லேயே பறவை இறகு ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை வந்துவிட்டது. இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நாட்டுச் சேவலின் கழுத்திறகைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ட்ரவுட்டுக்கு அது போதும். கட்டிய ஈயோடு தண்ணீரில் இறங்குமுன் மீன்வளத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் கிளம்பும்போது கொக்கியை வைஸிலேயே விட்டுப் போகாதீர்கள். காலையில் மேசை துடைக்க வரும் அக்காவின் விரலில் அது ஏறினால், முள் உள்ளே போன வழியில் திரும்ப வராது. ஊட்டி ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர்.