விற்கிறாராம் வாட்ச்

வாட்ச் வங்கி லாக்கரில் இருக்கிறது. ஆகவே பார்க்க வருகிறவர் வேலை நாளில், பத்தரைக்கு மேல் மூன்றுக்குள் வர வேண்டும். இரண்டாம் சனி, நாலாம் சனி, ஞாயிறு கிடையாது. அஷ்டமி, நவமியில் வாட்சுக்குச் சொந்தக்காரர் அதை வெளியே எடுக்க மாட்டார். மிச்சமிருக்கிற நாட்களில் ராகுகாலம் போக விற்கத் தயார். "எனக்கொண்ணும் அவசரமில்லை" என்று வேறு சொல்லிக்கொள்வார். அவசரமில்லாத இவர்தான் வாரம் இரண்டு தடவை எனக்குப் போன் செய்து, "யாராவது கேட்டாங்களாப்பா?" என்கிறார்.

இப்படி விற்காமலே விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் கையில் மனை இருந்தால் மனை, பழைய அம்பாசடர் இருந்தால் அம்பாசடர். இவர் கையில் இருப்பது ரோலக்ஸ். டேட்ஜஸ்ட், ஸ்டீலும் தங்கமும் கலந்தது, சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் 1996-ல் வாங்கியது. பெட்டி இருக்கிறது, பெட்டியைப் போட்டுத் தந்த பெட்டி இருக்கிறது, கியாரண்டிக் காகிதம், பில், கடைக்காரர் கொடுத்த பை, பையில் கட்டியிருந்த ரிப்பன் எல்லாம் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் இதை ஃபுல் செட் என்பார்கள். பெட்டியும் காகிதமும் இருந்தால் பழைய வாட்சுக்கு விலை கூடும் என்பது உண்மைதான். ரிப்பனுக்கும் கூடும் என்பது இவர் கட்சி.

வாட்ச் தானியங்கி. கையில் கட்டி நடமாடினால்தான் ஓடும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். ஆறு மாதமாக லாக்கரில் கிடப்பது நிற்காமல் என்ன செய்யும்? ஆனாலும் வந்தவர் முன்னால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், "காலையில கூட ஓடிச்சே!" என்று திடுக்கிடுவார். காலையில் லாக்கரே திறந்திருக்காது.

இதெல்லாம் போகட்டும். விஷயம் விலையில் இருக்கிறது.

முதலில் சொன்னது நாலரை லட்சம். ஒருவர் வந்தார், புரட்டிப் பார்த்தார், "நாலுக்கு முடிச்சுக்கலாமா சார்?" என்றார். டப்பென்று பெட்டி மூடிக்கொண்டது. "பேரம் பேச இது என்ன கோயம்பேடா?" வந்தவர் போனபின் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா, 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போயிற்றாம். போனது நிஜம்தான். அந்த வாட்சின் முதுகில், பார்த்து வண்டி ஓட்டும்படி அவர் மனைவி பொறித்துக் கொடுத்திருந்தார். இவர் வீட்டம்மா எதையும் பொறிக்கவில்லை. "வித்துத் தொலைங்க" என்று வாயால் சொல்வதோடு சரி.

அடுத்து வந்தவர் பேரமே பேசவில்லை. "நாலரைதானே? சரி சார்." நான் எழுந்து கை குலுக்கப் போனேன். இவர் என் சட்டையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனார். "என்னப்பா, சொன்னதும் தலையாட்டுறான்? எங்கேயோ இடிக்குது. நான் குறைச்சுச் சொல்லிட்டேன்." உள்ளே போய், நாலரை என்பது போன மாதத்து விலை, இப்போது நாலே முக்கால் என்றார். அவர் எழுந்து போய்விட்டார். "பாத்தியா, நிஜமா வாங்க வந்தவனா இருந்தா போயிருப்பானா?"

இதற்கு இவர் ஒரு கோட்பாடு வைத்திருக்கிறார். விலையைக் கேட்டதும் வாங்குகிறவன் முகம் கொஞ்சமாவது சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் நாம் ஏமாந்துவிட்டோம். அதனால் வருகிறவர்கள் வாட்சைப் பார்க்கும்போது இவர் அவர்கள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருப்பார். சரி, சுருங்கினால் விற்பாரா என்றால், அதுவும் கிடையாது. "மூஞ்சியைப் பாரு, பொருளோட அருமை தெரியாதவன்."

அண்ணா நகரிலிருந்து ஒரு டாக்டரை நானே பிடித்து வந்தேன். வருகிற வழியில் காரிலேயே பயிற்சி கொடுத்தேன். விலை சொன்னதும் முகத்தைச் சுருக்குங்கள், ஒரு பெருமூச்சு விடுங்கள், குறைத்து மட்டும் கேட்காதீர்கள், பிறகு மனசில்லாமல் சம்மதிக்கிற மாதிரி சம்மதியுங்கள். பாவம், நல்ல மனுஷர், முழு மனதோடு செய்தார். "அஞ்சு" என்றதும் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்தார். இவர் என் காதருகே குனிந்தார்: "ரொம்ப நடிக்கிறாரே, நிஜமா டாக்டர்தானா?" அன்றைக்கும் வாட்ச் லாக்கருக்கே திரும்பியது.

பணம் எப்படித் தர வேண்டும் என்பதிலும் ஒரு கூத்து உண்டு. கையில் எண்ணி வாங்க வேண்டும் என்று ஆசை. ஒருவரிடமிருந்து ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது என்றேன். அப்படியானால் கணக்குக்கு அனுப்பட்டும், ஆனால் பாஸ்புக்கில் அச்சாகி வந்த பிறகுதான் பெட்டியைக் கொடுப்பேன் என்றார். அவருடைய கிளையில் பாஸ்புக் எந்திரம் தீபாவளியிலிருந்து ரிப்பேர்.

கடைசியாக வந்தவன் கோயம்புத்தூர்ப் பையன். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, நேராக வந்துவிட்டான். அவனுக்கு வாட்ச் தெரியும். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ் கொண்டுவந்திருந்தான். தேதிக்கு மேலிருக்கும் குமிழ் இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்டுகிறதா என்று பார்த்தான். லேசாக ஆட்டி ஓடவிட்டு, நொடிக்கு எட்டு எட்டு வைத்து முள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தான். செயினைப் படுக்கைவாட்டில் பிடித்துத் தொய்வு பார்த்து, "முப்பது வருசத்துக்கு இது பரவால்லைங்க" என்றான். சின்னக் கருவியால் செயினைக் கழற்றி, அதைப் பிடித்திருந்த காதுகளுக்கு நடுவே பொறித்திருந்த எண்ணைக் கியாரண்டிக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தான். பாலிஷ் போட்டதுண்டா என்று கேட்டான். இல்லை என்றதும் அவன் முகம் மலர்ந்தது. பாலிஷ் போட்டுத் தேய்த்த வாட்சை அவன் மாதிரி ஆட்கள் தொடமாட்டார்கள்.

அந்த அரைமணி நேரம் இவரைப் பார்த்திருக்க வேண்டும். பேத்தி மேடையேறிப் பாடுவதைக் கேட்கிற தாத்தா மாதிரி உட்கார்ந்திருந்தார். ரிப்பனைக்கூட எடுத்துக் காட்டினார். பையன் மரியாதையாக வாங்கிப் பார்த்தான். அவன் பிறந்ததும் 1996-ல்தானாம். பிறந்த வருஷத்து வாட்சைக் கட்ட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சேர்த்த பணம்.

"நீங்க சொன்ன அஞ்சே இருக்கட்டுங்க சார். இப்பவே அனுப்பிடறேன்."

எனக்குத் தெரியும், அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பையனுக்குப் பயிற்சி கொடுக்க மறந்துவிட்டேன். இவர் நெற்றியைப் பார்த்தார். இருபத்தொன்பது வயசு நெற்றி, ஒரு சுருக்கம் இல்லை.

"மச்சினன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்று வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து, "அஞ்சே முக்கால்னு சொல்றாரு" என்றார். போனை அவர் எடுத்துப் போகவே இல்லை. அது மேஜைமேல் என் எதிரில் இருந்தது.

பையன் ஒன்றும் பேசவில்லை. கழற்றிய செயினைத் திரும்ப மாட்டி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தான். "காப்பி நல்லாருந்துச்சுங்கம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

இதுவரை இவர், இவர்கள் என்று பொதுவாக எழுதிக்கொண்டு வந்தேன். போதும். சார், வாரா வாரம் இந்தப் பத்திரிகையை என் வீட்டில் ஓசி வாங்கிப் படிக்கிறவர் நீங்கள்தான். நீங்கள் விற்கவே வேண்டாம். கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போங்கள், வாட்சாவது ஓடும். அந்தப் பையன் வந்துபோன ரயில் செலவை நான்தான் கொடுத்தேன். வேண்டாமென்றவன் சட்டைப்பையில் திணித்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். ஜிபே போதும். பாஸ்புக்கில் அச்சாக வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.