டக் டக் டிஸ்க்

கேள்வி: ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்கிறது. குடும்பப் படங்கள் எல்லாம் போச்சா?

பதில்: அவசியமில்லை! 2003-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியபோது, வானத்திலிருந்து விழுந்து கருகிய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே சுமார் 99 சதவீதத் தகவலை வல்லுநர்கள் மீட்டார்கள். மேசைமேல் படுத்துவிட்ட டிஸ்க் எம்மாத்திரம்?

ஆனால், சத்தம் கேட்டதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். தகவல் பதிந்த தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே மிதந்து அதைப் படிக்கும் ஹெட் உரசினால், அந்த இடத்திலுள்ள பாட்டியின் சிரிப்பும் தூளாகிவிடும். பிறகு தூசியில்லாத ஆய்வகத்தில்தான் திறக்க வேண்டும்.

சத்தமில்லாமல் இருந்து, கணினிக்கும் டிஸ்க் தெரிந்தால், முதலில் டிடிரெஸ்க்யூ மென்பொருளால் முழு நகல். அடுத்து, அந்த நகலில் இலவச ஃபோட்டோரெக் மென்பொருள். கோப்பின் பெயரே அழிந்திருந்தாலும், ஜேபெக் படத்தின் தொடக்கக் குறியை வைத்தே அது படத்தைத் தேடிப் பிடிக்கும். மீட்டதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.