மூன்று வெள்ளாமைக் கெடு

பாவூர்சத்திரம் சந்தையில் நின்று மேற்கே திரும்பினால் மலை தெரியும். அந்த மலையடியில் ஒரு துண்டு நிலம் வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக் காய்கறி விவசாயிகள் பலருடைய ஆசை. காரணம் தண்ணீர்தான். ராமநதியும் ஜம்புநதியும் கடனாநதியும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. எங்கள் ஊர்க் காடுகளோ ஐப்பசி மழையை நம்பிக் கிடப்பவை.

எழுபதுகளின் கடைசியில் அப்பா கடையத்துக்கு மேற்கே அப்படி ஒரு நிலம் வாங்கினார். மொத்த விலைக்குக் கையில் பணம் இல்லை. நிலம் வாங்குவதற்குக் கடன் கேட்டுப் பாங்குக்குப் போகும் பழக்கம் அப்போது இங்கே கிடையாது. விற்றவரே தவணை கொடுத்தார். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், நிலம் அன்றைக்கே அப்பாவின் சுவாதீனத்தில், மீதி மூன்று வெள்ளாமையில். பணம் தீர்ந்ததும் கிரயம்.

எழுதிக்கொண்டது ஒரே ஒரு வெள்ளைத்தாள்: ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து, இரண்டு சாட்சி. பணம் கொடுக்கக் கொடுக்க அதன் பின்பக்கத்தில் வரவு வைத்தார்கள். அந்தத் தாள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. முதல் வரவு ஊதா மையில், ‘சின்ன உள்ளி விற்ற வகையில்’ என்று தொடங்குகிறது. ஒரு வரியில் தொகையை அடித்துத் திருத்தி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்குப் பதிலாக, வரப்போரத்துப் புளியமரங்களின் காய், பாக்கி தீரும்வரை, விற்றவருக்கு. மாசி, பங்குனியில் அவர் வீட்டுப் பெண்கள் வந்து உலுக்கிப் பொறுக்குவார்கள். அம்மா அவர்களுக்குச் சோறு போடுவாள்.

நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கெடு தாண்டியதும் அவரே வீட்டுக்கு வந்தார். “அண்ணாச்சி, நிலம் எங்கயும் ஓடிறாது. அடுத்த தைக்குப் பாத்துக்கிடுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாளுக்குச் சட்டத்திலும் கொஞ்சம் வலு இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-இல் சேர்க்கப்பட்ட 53ஏ பிரிவின்படி, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, சுவாதீனம் வாங்கி, தன் பங்கைச் செய்துவருபவரை விற்றவர் வெளியேற்ற முடியாது. பதிவு செய்யாத தாளுக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. 2001 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல், சுவாதீனம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அப்பாவுடைய தாளைப் போல ஒன்றை இன்றைக்கு எழுதினால் அது நிலத்தைக் காப்பாற்றாது. இது தெரியாமல் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தோடு மலையடியும் மாறியது. 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தது. குற்றாலத்தைச் சுற்றி விடுதிகள் பெருகின. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. கோட்டை விதைப்பாட்டில் பேசிய நிலத்தை இப்போது சென்ட் கணக்கில் பேசுகிறோம். தவணை இன்றும் உண்டு, ஆனால் அது வேறு தவணை. ஒரு லட்சம் அட்வான்ஸ், மூன்று மாதக் கெடு, ஒரு பவர் பத்திரம். கெடு முடிவதற்குள் தரகர் அதை அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுகிறார். நிலத்தில் யாரும் கால் வைப்பதில்லை, உழவும் இல்லை. பவர் பத்திரத்தாலும் ஒப்பந்தத்தாலும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் டிரோன் படத்தைப் பார்த்துச் சென்னையிலிருந்து பணம் அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மலையடி நிலத்துக்கு வேறு கட்டுகளும் உண்டு. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கும் கிராமம் என்றால் கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும். கடையம், வடகரை, மேக்கரைப் பக்கம் யானை இறங்கித் தென்னையையும் வாழையையும் சாய்ப்பது வழக்கமாகிவிட்டது. நிலத்துக்குள் ஓடுகிற ஓடை பெரும்பாலும் புறம்போக்கு. குற்றாலத்தைச் சுற்றிய விடுதிகள் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்ததை 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கண்டித்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது. புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வனத்துறைக் கல் எங்கே நிற்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் வாங்கியவர், எதுவும் கட்ட முடியாத நிலத்துக்கு வருஷக்கணக்கில் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் என் தங்கை மகன் கடையம் பக்கம் அறுபது சென்ட் பேசினான். விற்றவர் ஓய்வுபெற்ற டீச்சர். பாதிப் பணம் உடனே, மீதி நான்கு தவணை. ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள் இருவரும். நான் நேராகக் கிரயமே எழுதச் சொன்னேன். அதே 1882 சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி, விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து மீதிக்கு வாக்குக் கொடுத்தாலும் அது முழுக் கிரயம்தான். 55-ஆம் பிரிவுப்படி, தராத பாக்கிக்கு அந்த நிலத்தின் மேலேயே விற்றவருக்குப் பொறுப்புரிமை உண்டு. பாக்கியைப் பத்திரத்தில் எழுதிவிட்டால், பின்னால் வாங்குகிறவரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒரே கஷ்டம், முத்திரைத் தீர்வை ஏழு சதவீதமும் பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதமும் முழு விலைக்கும் முதல் நாளே கட்ட வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் பலர் கிரயத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். தங்கை நகையை அடகு வைத்துக் கட்டினாள்.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் டீச்சர் தயங்கினார். “பட்டாவும் உன் பேருக்கு மாறின பிறகு நீ தரலைன்னா நான் எங்க போய் நிப்பேன், தம்பி?” நியாயமான கேள்வி. பத்திர எழுத்தர் பாக்கித் தொகை, தேதிகள், நிலத்தின் மேல் அவருக்குள்ள பொறுப்பு எல்லாம் இருந்த பத்தியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

மருமகன் இப்போது அங்கே வெண்டை போட்டிருக்கிறான். தவணை டீச்சருடைய பாங்குக் கணக்குக்குப் போகிறது. கடைசித் தவணை வரும் தையில். அது முடிந்ததும் பாக்கி தீர்ந்ததற்கு ஒரு ரசீதுப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும், வில்லங்கத்தில் அதுவும் ஏற வேண்டும். டீச்சருக்கு முழங்கால் வலி. அன்றைக்குக் கார் பிடித்துக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.