தாம்பரம், கேளம்பாக்கம்: சதுர அடியின் காலக் கோட்பாடு குறித்து ஓர் ஆய்வு

தாம்பரத்தில் வீடு வாங்குவதா, கேளம்பாக்கத்தில் வாங்குவதா என்னும் வினா தென்சென்னைக் குடும்பங்களில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின் எழுந்து, மாலைக் காப்பிக்குள் சண்டையாக முற்றுவது. முறைப்படி இதை ஆராய்வார் இன்மையால் இக்கட்டுரை தேவையாயிற்று.

முதல் சிக்கல் அளவை. தாம்பரத்துப் பழைய மனைக்காரர் ‘கிரவுண்டு’ என்பார். அது 2400 சதுர அடி. கேளம்பாக்கம் தாண்டித் தையூர்ப் பக்கம் போனால் பேச்சு ‘சென்ட்’டுக்கு இறங்கும், அது 435.6. அடுக்குமாடிக்குள் நுழைந்தாலோ சதுர அடியே சதுர அடியாக இருப்பதில்லை. ஆயிரம் என்று விலை பேசிய வீட்டில் டேப்பை வைத்துப் பார்த்தால் எழுநூற்றுச் சொச்சம்தான் தேறும். மீதி படிக்கட்டில் இருக்கிறது, லிஃப்ட் வாசலில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு விடும் இடத்திலும் நமக்குச் சில அங்குலம் உண்டு. கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். சொல்கிறார்கள், ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில்.

அடுத்தது காலம். தாம்பரத்தில் விற்பது வந்து சேர்ந்த சங்கதி: 1931-இல் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய மின்சார ரயில். கேளம்பாக்கத்தில் விற்பது வரப்போகும் சங்கதி. மாதவரத்தில் புறப்படும் மெட்ரோ தடம் சிறுசேரி சிப்காட்டோடு முடிகிறது. கேளம்பாக்கம் படூருக்கும் அப்பால். ரயில் வராத அந்தத் தூரத்துக்கும் விலை ஏற்றியாகிவிட்டது. “மெட்ரோ வந்துட்டா இந்த ரேட்டு கனவுல கூடக் கிடைக்காது சார். ஸ்டேஷன் இங்கேர்ந்து அஞ்சு நிமிஷம்” என்பார் புரோக்கர். அவருடைய நிமிஷம், நள்ளிரவில் காலியான ஓ.எம்.ஆரில் தனியாக பைக்கில் போகிறவனுக்கு உரியது. உப்பளம் இருக்கிற ஊராயிற்றே, தண்ணீர் எப்படி என்று கேட்டால் பதில் காற்றுக்குத் தாவும்: “கோவளம் காத்து சார், ஏசியே வேணாம்.”

இரு ஊர்களுக்கும் பொதுவான மாறிலிகள் இரண்டு. ஒன்று பத்திரச் செலவு. மனைக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக 9 சதவீதம். மற்றது பெரியப்பா. “அந்தக் காட்டுல போய் எவன் குடியிருப்பான், நரி ஊளையிடும்” என்று மலிவாய் வந்த மனையைத் தட்டிக்கழித்த பெரியப்பா இல்லாத குடும்பத்தை இந்த ஆய்வு இன்னும் சந்திக்கவில்லை. தாம்பரத்தை மறுத்த பெரியப்பாக்களின் பிள்ளைகளே இன்று கேளம்பாக்கத்தில் தவணை கட்டுகிறார்கள். கேளம்பாக்கத்தையும் மறுத்தவர்களின் பிள்ளைகள் திருப்போரூரில் மனை பார்க்கிறார்கள். மெட்ரோ அங்கேயும் வரும் என்று கேள்வி.