நீல பலூனுக்கு நன்றி

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
பெயர் சொல்ல விரும்பாத தனியார் பள்ளி,
சென்னை.

பொருள்: ஆட்டிசம் விழிப்புணர்வுக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக

ஐயா,

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். அன்று தங்கள் பள்ளி வாசலில் கட்டியிருந்த நீல பலூன்களை நம்பித்தான் ஆட்டிசம் உள்ள மகனைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தேன்.

தங்கள் விழிப்புணர்வு என்னை மலைக்க வைத்தது. ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள். தங்கள் முதல்வர் அம்மாவுக்கு ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது.

"உன் பேரு என்ன கண்ணா?"

"உன் பேரு என்ன கண்ணா?" என்றான் என் மகன். கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவன் பேசும் முறை. அம்மா தன் பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு வளர்ந்திருக்கும். ஃபைலை மூடினார்.

"எங்க ஸ்கூலுக்கு செட் ஆக மாட்டான் சார். வசதி இல்லை."

நியாயம்தான். குதிரையேற்றம், நீச்சல்குளம், ஏசி பஸ் எல்லாம் வைத்த பிறகு வசதிக்கு ஏது இடம்? அவன் கேட்கும் வசதியோ பெரிது: அன்றைய வகுப்புகளைப் படமாக ஒட்டிய ஓர் அட்டை. மணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை. இரைச்சல் தாங்காதபோது போய் உட்கார ஒரு மூலை.

வாசல்வரை வந்துவிட்ட எங்களைத் துணை முதல்வர் ஓடிவந்து நிறுத்தினார். வகுப்பில் அவன் கூடவே இருக்க, சொந்தச் செலவில் ஒரு 'ஷேடோ டீச்சர்' வைத்துக்கொண்டால் பரிசீலிக்கலாமாம். பள்ளிக் கட்டணத்தில் மட்டும் குறைப்பில்லையாம். ஆக, நிழலுக்குச் சம்பளம் நான் தர வேண்டும். வெயிலுக்குக் கட்டணம் தங்களுக்கு.

தங்களைச் சட்டம் காட்டி மிரட்ட மாட்டேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள அரசு 'முயல' வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஏட்டில் முயல், நடையில் ஆமை. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று, உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பை ஒட்டி, 2022இல் ஒன்றிய அரசு கணக்குச் சொன்னது. தங்கள் பள்ளியில் அந்தக் கணக்கு பிசகவே இல்லை: பிள்ளைகள் பூஜ்யம், ஆசிரியர் பூஜ்யம்.

எங்கள் தெருமுனை ஜூஸ் கடைக்காரருக்கு இந்தச் சட்டம், தீர்ப்பு எதுவும் தெரியாது. ஏப்ரல் 2 தெரியாது. மிக்சி ஓடியதும் என் மகன் அலறியதை ஒருமுறை பார்த்தார். மறுநாளிலிருந்து சுவிட்சில் கைவைக்கும் முன், "தம்பி, காதைப் பொத்திக்கோ" என்கிறார். இவன் பொத்திக்கொள்கிறான். மிக்சி ஓடுகிறது. சாத்துக்குடி வருகிறது. தங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தேவைப்பட்டால் அவரை அனுப்பி வைக்கிறேன். மாலை நேரத்தில் மட்டும் வியாபாரம் அதிகம்.

முடிவாக ஒரு விண்ணப்பம். அடுத்த ஏப்ரல் 2 விழாவில் என் மகனுக்கு மேடையில் ஒரு நிமிடம் தாருங்கள். தங்கள் பள்ளியில் இருந்த அரைமணி நேரத்தில் அவன் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டுக்கு யார் வந்து காலிங்பெல் அடித்தாலும் கதவருகே நின்று தெளிவாகச் சொல்கிறான்:

"செட் ஆக மாட்டான் சார். வசதி இல்லை."

உச்சரிப்பு அப்படியே முதல்வர் அம்மாவுடையது. மைக்கில் இன்னும் நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு,
செட் ஆகாத ஒருவனின் அப்பா