நிலாவாரையும் கடல்பாசியும்: கேள்வி-பதில்

கேள்வி: மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்கிறார்களே? (சாயல்குடி)

பதில்: விளைவு உண்டு என்று நம்பித்தானே வாங்குகிறீர்கள்? உடம்புக்குள் போய் ஒரு வேலையைச் செய்யத் தெரிந்த பொருளுக்கு, நாம் கேட்காத இன்னொரு வேலையும் செய்யத் தெரியும்.

கேள்வி: என் மாமனார் இரண்டு வருடமாகத் தினமும் ராத்திரி நிலாவாரைப் பொடி குடிக்கிறார். இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பரவாயில்லையா? (கமுதி)

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை, அம்மா. நிலாவாரை மட்டமான மருந்தல்ல. திருநெல்வேலியின் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகும் இலை அது. உங்கள் மாவட்டத்திலும் விளைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம் பெற்றிருக்கிறது. அதிலுள்ள சென்னோசைடுகள் இரைப்பையையும் சிறுகுடலையும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகும். அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் வீரியம் பிறக்கும். ராத்திரி குடித்தால் காலையில் பலன் தெரிவது அதனால்தான். நாலைந்து நாளைக்கு நல்லது. மாதக்கணக்கில் போனால் மலத்தோடு பொட்டாசியமும் வெளியேறும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகாக்சின் மாத்திரை நஞ்சாக மாறி இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். நீர் பிரிவதற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பல, மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் கரைக்கும். இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று மருந்துச் சீட்டை இன்றைக்கே பாருங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அளவு பார்க்கச் சொல்லுங்கள். இதய மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: நோன்பு காலத்தில் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவோம். எனக்குத் தைராய்டு. சாப்பிடலாமா? பாசி கேப்சூல் வேறு வாங்கி வைத்திருக்கிறேன். (கீழக்கரை)

பதில்: நோன்பு திறக்கும்போது ஒரு துண்டு கடல்பாசியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அது செம்பாசியிலிருந்து பிரித்தெடுத்த நார்ப்பொருள். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் சில மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும். கேப்சூல் வேறு சங்கதி. அது பழுப்புப் பாசியில் செய்ததானால், அதில் அயோடின் மிக அதிகமாக இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 150 மைக்ரோகிராம். ஒரே கேப்சூல் அதைப் பல மடங்கு தாண்டிவிடலாம். மிஞ்சிய அயோடின் சிலருக்குத் தைராய்டை அடக்கும், சிலருக்கு முடுக்கும். மருத்துவரிடம் கேட்கும்வரை டப்பாவைத் திறக்காதீர்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வரும் பொருள் பாசி. எத்தனை மைக்ரோகிராம் அயோடின் என்றுகூட அச்சிடாமல் அதை விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: கடல் அட்டைத் தைலம் மூட்டுவலிக்கு நல்லதாமே? (மண்டபம்)

பதில்: 2001 முதல் கடல் அட்டை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் குற்றம். வாங்காதீர்கள்.

கேள்வி: டப்பாவில் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறது; சர்க்கரை நோய் குணமாகும் என்றும் போட்டிருக்கிறது. நம்பலாமா? (பரமக்குடி)

பதில்: அந்த எண் உணவுக்கான உரிமம். நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று அல்ல. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. அந்தப் பொருள் உண்மையிலேயே சர்க்கரையைக் குறைத்தால் இன்னும் கவனம் வேண்டும்: இன்சுலின் போடுகிறவருக்கு அது தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும்.

கேள்வி: நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் டாக்டர் திட்டுகிறார். மறைத்தால் என்ன? (ராமேஸ்வரம்)

பதில்: திட்டட்டும், சொல்லிவிடுங்கள். பொட்டலத்தையே கையோடு கொண்டு போங்கள். அறுவை சிகிச்சை என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். சித்த மருத்துவரிடம் இங்கிலீஷ் மருந்தை மறைப்பதும் இதே தப்புதான். சாப்பிட்டு ஏதாவது கெடுதல் நேர்ந்தால், அதைப் பதிவு செய்ய 2018 முதல் ஒரு கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. சித்த மருந்துகளுக்குத் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதில் பங்கேற்கிறது. மருந்தின் பெயர், தயாரிப்பு எண், என்றைக்கு ஆரம்பித்தீர்கள், என்ன ஆயிற்று என்று எழுதி அனுப்புங்கள்.